சூடு காட்டாமல் விட்ட மூலை

பளபளவென்று வாங்கிய காரைக் காசு கொடுத்துக் கறுப்பாக்கிக்கொண்டு போகிற கூட்டத்தை நம்பித்தான் ஸ்டிக்கர்காரரின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சுற்றி ஓடும் வெள்ளிப் பட்டை, முன்னால் பல்லிளிக்கும் கிரில், கதவுக் கைப்பிடி, பின்னால் கம்பெனிப் பெயரின் எழுத்துகள் என்று குரோம் பூசிய இடத்திலெல்லாம் கறுப்பு பிலிம் ஒட்டித் தரவேண்டும். கம்பெனிக்காரன் மினுக்கி அனுப்புவான், இவர் அதை மூடி அனுப்புவார். இரண்டு பேருக்கும் கூலி உண்டு. உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது, என்ன செய்வது!

ஸ்டிக்கர்காரர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "ஸ்டிக்கர் ஒட்டறவன் வேற, நான் வேற" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனாலேயே பக்கத்து டயர்க்கடைக்காரர் அந்தப் பெயரைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். இப்போது அவருடைய சொந்தப் பெயர் வீட்டு வாடகைச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

வயது ஐம்பத்து மூன்று. கடைக்கு மேலேயே ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். யாராவது வந்தால் இன்னொரு டம்ளருக்கு எங்கே போவது என்ற கவலை அவருக்கு வந்ததே இல்லை, ஏனென்றால் யாரும் வந்ததில்லை. காலையில் காரை விட்டுவிட்டுப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து எடுத்துப் போவார்கள். சாவியைக் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒன்று சொல்வார். "ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை கொண்டு வாங்க. ஓரமெல்லாம் பார்த்துடலாம்." எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் வரமாட்டார்கள். ஓரம் பிரிந்து கிளம்பினால்தானே வருவதற்கு? அவர் ஒட்டியது கிளம்பியதில்லை. அவருக்கென்று இருந்த ஒரே கர்வம் அதுதான்.

குடும்பம் இல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இன்றைக்குக் கேட்டால் என்ன விஷயம் என்றே சொல்லத் தெரியாத ஒரு சண்டையில் மனைவியிடம் கோபித்துக்கொண்டு, இரண்டு நாள் போகட்டும் என்று இந்த ஊருக்கு வந்தவர். அவளே கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். போனவரே வரட்டும் என்று அவள் இருந்தாள். ஆறு மாதத்தில் கோபம் போய்விட்டது, ஆனால் திரும்பிப் போக வெட்கம் வந்துவிட்டது. அந்த வெட்கத்திலேயே பன்னிரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார் மனிதர். இதைவிட வடிகட்டின முட்டாள்தனம் இருக்க முடியாது, அது அவருக்கும் தெரியும். அவள் என்ன செய்வாள்? கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் அவர் செத்துப்போய்விட்டார் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மகள் மட்டும் எப்படியோ அவருடைய எண்ணைப் பிடித்து, அம்மாவுக்குத் தெரியாமல் வருடத்தில் இரண்டு மூன்று முறை பேசுவாள். அப்படி ஒரு புதன்கிழமை கூப்பிட்டாள்.

"அப்பா, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்."

"சந்தோஷம்மா" என்றார்.

"அவருக்குத் தன் காரோட குரோமையெல்லாம் கறுப்பாக்கணும்னு ஆசை. நல்லா பண்றவங்க ஒருத்தர் இருக்காங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வரோம். ஒரு தடவையாவது நீங்க அவரைப் பார்க்கணும்பா. ஆனா, அவங்க வீட்டுலயும் நீங்க உயிரோட இல்லைன்னுதான் அம்மா சொல்லியிருக்காங்க."

"நான் எதுவும் காட்டிக்க மாட்டேன்மா. நீ தைரியமா வா."

சனிக்கிழமை கடைவீதிக்குப் போய் இரண்டு டம்ளர் வாங்கினார். கடைத் தரையை மூன்று முறை கழுவினார். டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஸ்டிக்கரு, கடைக்கு மந்திரி வராரா?" என்று கேட்டார். இவர் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாகத் திட்டுகிற மனிதர் சும்மா இருந்ததில் டயர்க்கடைக்காரருக்கே பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு மகள் இறங்கினாள். பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தவள் அவருடைய உயரத்துக்கு நின்றாள். மாப்பிள்ளை நல்ல பையனாகத்தான் தெரிந்தான். கலகலவென்று பேசினான். வாய்க்கு வாய் "அண்ணே" என்றான். மாமனாரை அண்ணே என்று கூப்பிடுகிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "சொல்லுங்க சார்" என்று மாப்பிள்ளைக்கு இவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் அவரை எப்படியுமே கூப்பிடவில்லை. அப்பா என்று சொல்லக்கூடாது, அண்ணா என்று சொல்ல வாய் வராது. "தண்ணி கிடைக்குமா?" என்றாள். "இங்க உக்காரலாமா?" என்றாள். எல்லா வாக்கியத்துக்கும் தலையை வெட்டிவிட்டுத்தான் பேசினாள். புது டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். வாங்கும்போது அவள் விரல் அவர் கையில் பட்டது. இரண்டு பேரும் டம்ளரையே பார்த்தார்கள்.

மூன்று மணி நேர வேலையை அன்றைக்கு ஆறு மணி நேரம் இழுத்தார். பட்டைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிலிமை விரல் அகலம் கூடுதலாக வெட்டி, பட்டைமேல் படுக்கவைத்து, துணி சுற்றிய கட்டையால் காற்றை ஓரத்துக்குத் தள்ளி, மிச்சத்தை பிளேடால் கண்ணாடியில் கீறல் விழாமல் அறுத்து, விளிம்பை ரப்பருக்கு அடியில் செருகினார். கடைசியாக ஒவ்வொரு மூலைக்கும், அனல் காற்று ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்டவேண்டும். அது முக்கியம். வளைத்து ஒட்டிய பிலிம் பழையபடி நிமிரத்தான் பார்க்கும். நன்றாகச் சூடு காட்டினால்தான் புது வளைவிலேயே நிற்கும்.

இன்னும் ஒரே ஒரு மூலை பாக்கி, இடது பின்கதவில். எழுந்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை கொண்டு வாங்க சார். ஓரமெல்லாம் பார்த்துடலாம்."

"எதுக்கு அண்ணே? சும்மா கும்முனு இருக்கு. ரெண்டரை மணி நேரம் ஓட்டிட்டு வரணும். ஓரம் கிளம்பினா கண்டிப்பா கொண்டு வரோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, காரைச் சுற்றிப் படம் எடுக்கப் போய்விட்டான்.

கிளம்பினால்.

ஸ்டிக்கர்காரர் அந்த மூலைக்கு முன்னால் குந்தினார். ஹீட் கன் கையில் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் மூலை பார்த்த கை. இன்னும் ஒரு நிமிடம் காட்டினால் வேலை முடிந்தது, அவளும் போய்விடுவாள், கல்யாணம் ஆகிவிடும், பிறகு இந்தத் தெருப் பக்கம் வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. மறுபடி ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை. ஓரக்கண்ணால் பார்த்தார். மகள் நாற்காலியில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விசையை அணைத்தார். மூலையை விரலால் சும்மா ஒரு தடவு தடவிவிட்டு எழுந்து, "முடிஞ்சுது சார்" என்றார்.

கார் தெருமுனை திரும்பும்வரை நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது.

திங்கட்கிழமை முதல் அவர் அந்த மூலையோடுதான் வாழ்ந்தார். இரண்டு நாள் வெயில் பட்டால் போதும், விளிம்பு நகக்கண் அளவு எழும்பும். நாலாம் நாள் தூசி சேரும். கையெழுத்துப் போட்ட மாதிரி வேலை செய்கிறவர், முதல் தடவையாகத் தன் வேலை கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒரு பக்கம் நெஞ்சு அரித்தது. இன்னொரு பக்கம் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தோய்த்து இஸ்திரி போட்டு மாட்டிவைத்தார்.

அடுத்த ஞாயிறு சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே ஷட்டரைத் தூக்கினார். வேறு வேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் வாசலுக்கு வந்தார். மத்தியானம் சாப்பிட மேலே போகவில்லை, அந்த நேரத்தில் வந்துவிட்டால்? நாலு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா."

"சொல்லும்மா! எங்க வந்துட்டிருக்கீங்க?"

"வீட்டுலதான் இருக்கேன்பா. இடது பின்கதவு, கடைசி மூலை. வேணும்னேதானே விட்டீங்க?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நீங்க கன்னை அணைச்சதப் பார்த்தேன். பன்னண்டு வயசு வரைக்கும் நம்ம ஊர்ல உங்க கடை ஸ்டூல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதினவ நான். சூடு காட்டாம ஒரு மூலைய விட்டுட்டு நீங்க எந்திரிச்சு நான் பார்த்ததே இல்ல."

"கிளம்பிடுச்சா?"

"வியாழக்கிழமை அவர் எங்க வீட்டுக்குக் கார்ல வந்தப்பவே கிளம்பியிருந்துச்சு. அவர் இன்னும் பார்க்கல. பார்த்தா, வேலை தெரியாத ஆள்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டியேன்னு சொல்வார். உங்களைப் பத்தி ஒருத்தர் அப்படிச் சொல்லி, அதைக் கேட்டுட்டு நான் சும்மா நிக்கணுமா? என்னால முடியாதுப்பா. தலைமுடி உலர்த்தற மெஷின வச்சு நானே ஒட்டிட்டேன்."

சொல்லட்டுமே, திட்டட்டுமே, அந்தச் சாக்கில் நீ வந்திருக்கலாமே என்று கத்தவேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது வேறு.

"ஒட்டறதுக்கு முன்னாடி துடைச்சியா?"

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன்."

"பிலிமை இழுக்கலையே?"

"இழுக்கல. சூடு காட்டிட்டு, ஆறுற வரைக்கும் விரலை எடுக்காம அழுத்திட்டே இருந்தேன்."

சரியாகத்தான் செய்திருக்கிறாள். அவரே செய்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். கண்ணில் வந்ததை இஸ்திரி போட்ட சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"அப்படின்னா இனிமே கிளம்பாதும்மா" என்றார்.

"தெரியும்ப்பா" என்றாள்.