தெரியாத தழும்பு

அறுபதுகளின் நடுவில், வீட்டில் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிடலாம் என்றார் பட்டணத்து சர்ஜன்.

"வெளியே தெரியாமப் பண்ணிடுங்க டாக்டர். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு" என்று அப்பா கெஞ்சினார். டாக்டரும் காம்பைச் சுற்றிய கருப்பு வட்டத்தின் ஓரமாகவே வெட்டித் தைத்துவிட்டார். தழும்பை நானே தேட வேண்டியிருந்தது. அப்பா சர்ச்சில் தோத்திரக் காணிக்கை போட்டார்.

கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தேன். பையன் பிறந்து பால் இறங்கியபோது வலது பக்கம் குடித்தான். இடது பக்கம் கல்லாகக் கனத்தது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. காய்ச்சல் வேறு. பிரசவம் பார்த்த லேடி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "பால் வர்ற குழாயை வெட்டியிருக்காங்கம்மா. இனிமே திறக்காது, தானா வத்தட்டும்" என்றார்.

என் மாமியார் சும்மா இருப்பாரா? வலது பக்கம் ஊறுவதற்குக் காலையில் பால் சுறாப் புட்டு. இடது பக்கம் வற்றுவதற்குச் சாயந்திரம் மல்லிகைப்பூ வைத்து இறுக்கிக் கட்டு. சுறா எந்தப் பக்கத்துக்கு, மல்லிகை எந்தப் பக்கத்துக்கு என்று உடம்புக்கு யார் சொல்வது? ஒரு நாள் வலது பக்கமும் சுண்டிப்போனது. பையன் வீறிட்டு அழுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூவைப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? டின் பால் குடுத்துடலாம்" என்றார் மாமியார்.

"முடியாது அத்தை."

டின் பால்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. இந்த உடம்பை என்ன செய்வதென்று ஆளாளுக்கு முடிவு செய்தாகிவிட்டது. இந்த ஒன்றையாவது நான் முடிவு செய்ய வேண்டும் என்று வெறி. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பையனை அந்த ஒரு பக்கத்திலேயே மறுபடி மறுபடி போட்டேன். மெல்ல மெல்லப் பால் ஊறியது.

உடம்பு தேறியதும் பையனைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயில் ஏறி அந்த சர்ஜனிடம் போனேன். குனிந்து பார்த்தவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா, தழும்பே தெரியலை!"

"பாலும் வரலை டாக்டர்."

"அதனால என்னம்மா, இன்னொண்ணு இருக்கே?"

உங்களுக்கும் ரெண்டு கண் இருக்கே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு ரயிலேறினேன். பல்லாவரம் தாண்டியும் கோபம் ஆறவில்லை.

பல் முளைத்து, நடக்கத் தொடங்கிய பிறகும் பையன் வலது பக்கமே குடித்தான். அது பெருத்தது, இடது சூம்பியது. எந்த ரவிக்கைக்கும் அடங்கவில்லை, புடவைக்கு மேலேயே ஏறுமாறாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைப் பார்க்க அப்பா வந்தார். கேட் திறக்கும் சத்தம் கேட்டதுமே மாமியார் ஓடி வந்தார்.

"முந்தானையை இழுத்து மூடிக்கோம்மா. உங்கப்பா வர்றாரு, வெளியே தெரியுது."

"தெரியட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனேன்.