கடைசிப் பத்து நிமிடம்

அந்தத் தியேட்டரில் எல்லாரும் அவளைக் ‘கிளைமாக்ஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டிப் பெருக்குகிற வேலை. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே துடைப்பமும் குப்பைக் கூடையுமாகக் கதவோரம் வந்து நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த காட்சிக்குள் முந்நூறு இருக்கைகளின் அடியிலும் குனிந்து நிமிர முடியாது. ஆக, ஒன்பது வருஷமாக வந்த அத்தனை படத்தின் முடிவும் அவளுக்கு அத்துப்படி. ஆரம்பம் ஒன்றுகூடத் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன குறைந்துவிட்டது? முடிவில் பிரிந்தவர்கள் சேருவார்கள். தொலைந்தவன் வாசலில் வந்து நிற்பான். ஒரு நாளைக்கு நாலு தடவை அதைப் பார்க்கிறவளுக்குக் கப்பல் வேலைக்குப் போன புருஷன் மட்டும் வராமலா போய்விடுவான்? அவன் போன வருஷம் சேர்ந்த வேலைதான் இது. வாராவாரம் வந்த போன் மாதத்துக்கொன்றாகி, நின்றே போய் ஐந்து வருஷம் ஆகிறது. இனி வரமாட்டான் என்று சொந்தக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். அக்கா மட்டும் அவன் சட்டைகளை மாதம் ஒருமுறை துவைத்து மடித்து வைப்பாள். பைத்தியம் என்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும், அவள் பார்த்த முடிவுகளை அவர்கள் பார்த்தார்களா?

அவளுக்கு வேலை இல்லாத ஒரு விடுமுறை நாளில் நாத்தனார் இரண்டு டிக்கெட்டோடு வந்தாள். அண்ணனை நினைத்து அழுது ஓய்ந்தவள். “இன்னைக்காவது முதல்லேர்ந்து உக்காந்து பாருங்க அண்ணி” என்று அதே தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

திரையில் ஒருவன் மனைவியிடம் விடைபெற்றுப் பெட்டியைத் தூக்கினான். அக்கா இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. திரை இருண்டு, ‘ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று எழுத்து வந்தது. அடுத்த காட்சியில் அந்த மனைவிக்குக் காதோரம் நாலு நரை. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் படம் அவள் மண்டையில் ஏறவில்லை. முடியப் பத்து நிமிடம் இருந்தபோது தன்னையறியாமல் எழுந்துபோய்க் கதவோரம் நின்றாள். கை துடைப்பத்தைத் தேடியது. திரையில் போனவன் திரும்பி வந்தான். கூட்டம் கைதட்டியது.

பின்னாலேயே பதறிக்கொண்டு வந்த நாத்தனாரிடம், “நடுவுல அந்த ஒம்பது வருஷத்தை ஏன் காட்டவே இல்ல?” என்று கேட்டாள்.

“அதை யாரு அண்ணி உக்காந்து பாப்பாங்க?”

ஒரு நாள் விடாமல் அதைப் பார்த்தவள் அக்காதானே.

மறுநாள் முதல் காட்சி முடியக் கால்மணி நேரம் இருக்கும்போதே துடைப்பத்தோடு கதவோரம் வந்து நின்றாள். அந்த முடிவு அவளுக்கு அன்றைக்கு முன்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது.