பசிக்காத நோன்பு

குளச்சலில் எங்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தால் இடதுபக்கச் சுவரோரம் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். முட்டு வலிக்காரர்களுக்கு. தொழுகையில் மற்றவர்கள் தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்யும்போது நாங்கள் நாற்காலியில் இருந்தபடியே கொஞ்சம் குனிவோம். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் தரைக்குப் போன பிறகு அத்தனை முதுகுகளுக்கும் மேலே நான் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. சிறுவயது முதல் தரையில் பட்டுப் பழகிய நெற்றி. இப்போது அதற்கும் விரிப்புக்கும் நடுவே என் வயிறு உட்கார்ந்திருந்தது.

பைப், வால்வு, குழாய் விற்கிற கடை என்னுடையது. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு எழுந்திருப்பேன். இடையில் வாய் சும்மா இருக்காது. முட்டு போனதற்கு வேறு யாரைக் குற்றம் சொல்வது?

முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அங்கிருந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு இன்னும் ஆபரேஷன் செய்யும் அளவுக்குத் தேயவில்லை, எடைதான் பிரச்சினை என்றார். சர்க்கரையும் கூடியிருந்தது. மாத்திரை இலவசமாகத் தந்தார்கள். நான் விடவில்லை.

"டாக்டர், எடை கொறைக்கதுக்கு ஊசி ஒண்ணு வந்திருக்காமே?"

"யாரு சொன்னா?"

"மச்சினன். துபாயில இருக்கான். அங்க ரூம்ல பாதிப் பேரு குத்துகானுவளாம்."

அவர் சிரித்தார். "அது எங்க ஸ்டோருக்கு வரல்ல. அதுக்குன்னு பாக்கிற டாக்டர்ட்ட போயி, டெஸ்ட் எடுத்து, அவங்க எழுதித் தந்தா போடுங்க. மச்சினன்ட்ட மட்டும் வாங்காதீங்க."

மச்சினனோ ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டிருந்தான். லீவில் ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுவானாம். தைலம், பால்பொடி, பாதாம் எல்லாம் கடல் தாண்டிப் பெட்டியில் வந்து பழகிய வீடு எங்களுடையது. ஊசியும் வந்தால் என்ன என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. என் மனைவிதான் போனைப் பிடுங்கித் தம்பியை ஒரு பிடி பிடித்தாள். "ஐஸ்ல வச்சிக் கொண்டுவர வேண்டிய மருந்த சோப்புக்கு நடுவுல சொருவி அனுப்புவியா? அவியளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீயா வந்து பாப்ப?" அதோடு அந்த வழி அடைபட்டது.

நாகர்கோவிலில் ஒரு தனியார் கிளினிக். ஹார்மோன், சர்க்கரை எல்லாம் பார்க்கும் பெண் டாக்டர். ஊசி கேட்டு வந்தேன் என்றதும் எழுதித் தந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ போலீஸ் போலக் கேட்கத் தொடங்கினார். பித்தப்பையில் கல் உண்டா, கணையத்தில் எப்போதாவது வீக்கம் வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் இருந்ததா. நான் பதில் சொல்லிவிட்டு என் பங்குக்குக் கேட்டேன். எனக்கு எதிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

"உள்ள போயி அது என்ன செய்யும் டாக்டர்?"

"சாப்பாடு வயித்துல இருந்து எறங்குகத மெதுவாக்கும். மூளைகிட்ட போயி, போதும்னும் சொல்லும்."

"வால்வப் பாதி அடைக்கது மாதிரி?"

"கிட்டத்தட்ட" என்றவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "சுகர் இருக்குது, சரி. நீங்க எதுக்கு எடை கொறைக்கணும்னு நெனைக்கிறீங்க?"

"நெத்தி தரையில படணும், டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. கழுத்தில் சிலுவை போட்டிருந்தவர், சஜ்தா என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும். மேஜையிலேயே குனிந்து காட்டினேன். வயிறு இடித்துப் பாதியில் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்கு, போட்டோவுக்குன்னு வருவாங்க. இதுக்குன்னு யாரும் வந்ததில்ல" என்றார். மறுபடி சில பரிசோதனைகள் எடுத்த பிறகு, குறைந்த அளவில் வாரம் ஒரு ஊசி என்று எழுதித் தந்தார். விலையைப் பற்றி என் மனைவி முணுமுணுத்தாள், பிறகு அவளே பிரிட்ஜில் மீன் இல்லாத தட்டாகப் பார்த்து இடம் ஒதுக்கினாள்.

ஊசி வலிக்கவில்லை. எறும்புகூட இதைவிடக் கடிக்கும். வேலை காட்டியது பிறகுதான். சாளை மீன் கறியும் மரச்சீனிக் கிழங்கும் என்றால் தட்டு காலியாகும்வரை நான் தலை நிமிரமாட்டேன். அன்று இரண்டு துண்டுக் கிழங்கோடு கை நின்றுவிட்டது. மனைவி தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கறியில என்ன கொற?"

"ஒரு கொறயும் இல்ல."

"பின்ன? வெளிய எங்கயாவது தின்னுட்டு வாறியளா?"

இத்தனை வருட இல்லறத்தில் என்மேல் அவளுக்கு வந்த முதல் சந்தேகம் அது. ஊசி வேலை செய்கிறது என்று சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை. தன் கறியை ஒரு மருந்து தோற்கடிக்கும் என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. பாவமாக இருந்தது.

எனக்கோ வேறொன்று ஆச்சரியமாக இருந்தது. கடையில் காலைப் பொழுது கொஞ்சம் ஏறியதும் ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கிவரச் சொல்வது என் பல வருடப் பழக்கம். ஒருநாள் கடையைப் பூட்டும்போதுதான் அன்று பஜ்ஜியை நினைக்கவே இல்லை என்பது உறைத்தது. ஆசையை அடக்கியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அடக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அப்படியானால் இத்தனை வருடம் பஜ்ஜி கேட்டது யார்? நானா, என் குடலா? பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று யோசித்தேன். பக்கத்துக் கடைக்காரர் சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

மழைக்காலத்தில் தொடங்கியது. மாசி வெயில் அடிக்கும்போது சட்டை தொளதொளத்தது, படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. வீட்டில் கதவை அடைத்துக்கொண்டு மண்டியிட்டுப் பார்ப்பேன். நெற்றி தரையை நெருங்கிக்கொண்டிருந்தது, ஆனால் படவில்லை. அப்போது ரமலான் பிறந்தது.

நாகர்கோவில் டாக்டரிடம் போய்க் கேட்டேன். நோன்பு வைக்கலாம், மாத்திரை நேரத்தை மாற்றித் தருகிறேன், இரவில் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், ஒரே நேரத்தில் வயிற்றை நிரப்பாதீர்கள், உடம்பு தாங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்றார். ஊசியால் நோன்பு முறியுமா என்று இமாமிடம் கேட்டேன். என் மகன் வயதுதான் அவருக்கு. "அது மருந்துதானே, சத்து ஏத்துக ஊசி இல்லியே? முறியாது. மனசுக்கு ஒரு மாதிரி இருந்தா நோன்பு தொறந்த பொறவு போடுங்க" என்றார்.

எல்லாரிடமும் கேட்டுவிட்டு, செய்ததென்னவோ நேர்மாறு. முதல் நோன்பின் சஹர் உணவுக்கு எழுந்ததும் பழைய பயம் பிடித்துக்கொண்டது. பகல் முழுக்கப் பசிக்குமே! எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பயம்தான். விடியுமுன் வயிற்றில் எவ்வளவு அடைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது எங்கள் கணக்கு. இறைச்சிக் கறியோடு சோறு, அதன்மேல் பாலும் பழமும் பிசைந்த சோறு என்று, வராத பசிக்காக வரிசையாக உள்ளே தள்ளினேன். வால்வு பாதி அடைபட்டிருக்கிறது என்பதை, வால்வு விற்கிறவனே மறந்துபோனேன்.

வெயில் ஏறியபோது சாப்பிட்டதெல்லாம் தொண்டைவரை நின்றது. மதியத் தொழுகைக்கு முன் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். நேராக இமாமிடம் போனேன்.

"விரல் விட்டியளா?"

"இல்ல, தானா வந்தது."

"அப்பம் முறியல்ல. ஒடம்புக்குப் பாத்துக்கிடுங்க."

அன்று மாலை பள்ளியில் நோன்பு திறக்க உட்கார்ந்தோம். கஞ்சிக் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், பாங்குச் சத்தத்துக்குக் காது கொடுத்து இருந்தார்கள். நான் விருந்தாளி மாதிரி இருந்தேன். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது எல்லோரும் சொன்ன அதே துஆவைத்தான் சொன்னேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. வெட்கமாக இருந்தது. பசியைத் தெரிந்துகொள்ளத்தானே நோன்பு என்று சிறுவயதில் சொல்லித் தந்தார்கள்?

எல்லோரும் போன பிறகு இமாமிடம் மறுபடியும் கேட்டேன். "பசிக்காம பிடிச்சா அது நோன்பா?"

"தின்னாம குடிக்காம இருந்தா நோன்புதான். பசிக்கணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது" என்றார். "ஆனா அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது, கேட்டியளா. நீங்கதான் சொல்லணும்."

அவர் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பதில்தான் கிடைக்கவில்லை. நெற்றி தரைக்குப் போக வேண்டுமானால் ஊசி வேண்டும். ஊசி இருந்தால் பசி இல்லை. ஒன்றைத் தந்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்கிற வியாபாரமாக அது எனக்குப் பட்டது.

மறுநாள் வாந்தி எடுத்ததை டாக்டரிடம் போனில் சொன்னேன். நன்றாகத் திட்டினார். சஹருக்குக் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார், வயிறு சரியாகும்வரை ஊசியைத் தள்ளிப்போடச் சொன்னார். சொன்னபடி கேட்டேன். ஊசி போட வேண்டிய நாள் வந்து போனது. அடுத்ததும் போனது.

அப்படி ஒரு பிற்பகல். கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கும் வாசனை, பூண்டும் வெந்தயமுமாகக் கடைக்குள் வந்தது. வயிற்றின் அடியில் எங்கோ ஒரு கிள்ளல். நான் அசையாமல் இருந்தேன், அசைந்தால் போய்விடுமோ என்று. போகவில்லை. பெருகியது. மனைவிக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, பசிக்குது!"

"நோன்புக்காரனுக்குப் பசிக்காம பின்ன?" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குரிய அஸர் தொழுகைக்குப் போனேன். கால் தானாக இடதுபக்கச் சுவரை நோக்கித் திரும்பியது. என் நாற்காலியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றேன். அஸரில் இமாம் சத்தமாக ஓதமாட்டார், பள்ளி முழுக்க அமைதி. குனிந்து நிமிர்ந்தோம். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். நானும் கைகளை முட்டில் ஊன்றி, பைய இறங்கினேன். முட்டு இரண்டும் நெரிந்தன. வயிறு வழிவிட்டது. நெற்றி விரிப்பில் பட்டது.

அந்த அமைதியில் என் வயிறு நீளமாக, வெட்கமே இல்லாமல், முழு வரிசைக்கும் கேட்கும்படி உறுமியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வயிறு சரியானால் ஊசி மறுபடி வரும், இந்தப் பசி போய்விடும், எனக்குத் தெரியும். அன்று ஒருநாள் இரண்டும் ஒன்றாகக் கிடைத்திருந்தன.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"என்ன காக்கா, நல்ல பசி போல?"

"ஆமா மக்கா," என்றேன். "நல்ல பசி."