திருப்பித் தராத தூக்குவாளி

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் கூடுவாஞ்சேரியில் எங்கள் பள்ளி அலுவலகத்துக்கு வந்து பிரிசில்லாவையே கேட்கலாம். பன்னிரண்டு வருடமாக எனக்கு அடுத்த மேஜை. பொய் சொல்லி அரை நாள் லீவு கேட்கக்கூடத் தெரியாத ஆள்.

பேய் என்றதும் அமாவாசை, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இதில் அவள் பார்த்ததும் கேட்டதும் எல்லாம் பட்டப்பகலில். அதுதான் கொடுமை என்பாள் பிரிசில்லா. இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வெயிலில் என்ன சொல்லித் தேற்றுவது?

அவள் அம்மா எல்லம்மாள், கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் முப்பத்தொரு வருடம் வீட்டு வேலை செய்தவள். அங்கே யாராவது ரிட்டையர் ஆகி வீட்டைக் காலி செய்தால், லாரியில் ஏறாத சாமானெல்லாம் எல்லம்மாளுக்கு வரும். "இதை நீ எடுத்துக்கோ எல்லம்மா" என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பக்கத்துப் புதுப்பட்டினத்தில் இருந்த அவளுடைய இரண்டு அறை வீட்டில் பதினோரு சூட்கேஸ், ஜார் இல்லாத மூன்று மிக்ஸி, நடைவண்டி, யாரோ ஒரு விஞ்ஞானிக்குக் கொடுத்த பாராட்டுக் கேடயம், அளவு சேராத திரைச்சீலைகள். ஊரில் எத்தனை பேர் வீட்டைச் சுத்தமாக ஒழித்துவிட்டு நிம்மதியாகப் போனார்களோ, அத்தனை பேர் வீடும் அந்த இரண்டு அறைக்குள் இருந்தது.

அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை வந்தது இதனால்தான். எல்லம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போயிருந்தபோது, பிரிசில்லா பாதிச் சாமானைத் தூக்கித் தெருவில் போட்டுவிட்டாள். திரும்பி வந்த எல்லம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிரிசில்லாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"இந்தக் குப்ப கீற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். கிறிஸ்மஸுக்கு பிரியாணி குடுத்தனுப்பன என் தூக்கு உள்ள கீது. அத்த மட்டும் தம்பிகிட்ட குடுத்தனுப்பு. அதுவும் குப்பைல சேர வேணாம்."

கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்குவாளி அது. 'எ. பிரிசில்லா 19.5.2002' என்று பேர் வெட்டியிருக்கும். அதன்பிறகு தம்பி கிருபாகரன் மூலம் மூன்று முறை கேட்டுவிட்டாள். "தரேன்னு சொல்லு" என்று மட்டும் பதில் வந்துகொண்டிருந்தது.

பதினாறு மாதம் அவள் அந்த வாசப்படியை மிதிக்கவில்லை. சென்ற வருடம் ஜூன் மாதம் மிதித்தாள். கூடத்தில் அம்மாவை வைத்த பெட்டி இருந்தது.

முகத்தை மட்டும்தான் பார்த்தாள். கழுத்துவரை வெள்ளைத் துணி. அதன்மேல் பூ. அம்மாவின் கையை ஒருமுறை பிடித்துக்கொள்ளலாம் என்று துணியை விலக்கப் போனாள். கிருபாகரன் அவள் கையைத் தடுத்துவிட்டான்.

"வேணாம்க்கா."

ஏன் என்று கேட்கிற நிலையில் அவள் இல்லை. கேட்க முடியாத கேள்வி வேறொன்று நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. அம்மா என்மேல் கோபத்தோடுதான் போனாளா?

ஆகஸ்ட் மாதம் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார், அதற்குள் காலி செய்ய வேண்டும் என்றான் கிருபாகரன். அவனுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிற வேலை, லீவு கிடைக்கவில்லை. பிரிசில்லா வெள்ளியும் சனியும் லீவு போட்டாள். வீட்டுக்கு ஒரே சாவி. அதை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை 8.15. மூன்று கோணிப்பைகளை விரித்தாள். வைத்துக்கொள்ள ஒன்று. கொடுக்க ஒன்று. எறிய ஒன்று. மதியம் பன்னிரண்டு மணிக்கு மூன்றும் காலியாகவே கிடந்தன. எதைக் கையில் எடுத்தாலும், அதைத் துடைத்து உள்ளே கொண்டுபோன அம்மாவின் கை தெரிந்தது. ஒரு சூட்கேஸின்மேல் உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்து வீட்டுச் சகுந்தலா ஒரு கிண்ணத்தில் சாம்பார் சாதம் கொண்டுவந்தாள். எல்லம்மாளுக்கு இருபது வருடத் தோழி.

"முழுசையும் பாக்காத பிரிசி. பாத்தா மலையாத்தான் தெரியும். ஒரு மூலைய மட்டும் பாரு. அது முடிஞ்சா அடுத்த மூல."

"எந்த மூலைக்கா?"

"பரண்ல கீற பாத்திரத்த எடு மொதல்ல. அத்தினியும் அடுத்தவங்க வூட்டுது. திருப்பிக் குடுக்கணும்னு சொல்லிகினே இருந்திச்சி உங்கம்மா."

பரணில் இருபத்திரண்டு பாத்திரங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் வேறு வேறு பேர். 'கோமளம் வெங்கடராகவன் 7.2.91' என்று ஒரு அடுக்கு. 'லக்ஷ்மிநாராயணன்' என்று ஒரு சம்படம். விசேஷ நாளில் எதையாவது போட்டு எல்லம்மாளுக்குக் கொடுத்துவிட்ட பாத்திரங்கள். திரும்பிப் போகாமல் நின்றுவிட்டவை.

ஏன் நின்றுவிட்டன என்று பிரிசில்லாவுக்குத் தெரியும். எல்லம்மாள் யார் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரமாட்டாள். ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள். வீட்டில் சர்க்கரை இல்லாவிட்டால் பாத்திரம் காத்திருக்கும். சின்ன வயதில் அந்தப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் படி ஏறியது பிரிசில்லாதான். வழியில் பாதிச் சர்க்கரையை நக்கிவிடுவாள்.

இருபத்திரண்டையும் தேய்த்துக் கழுவினாள். பழைய புடவையை விரித்து, வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போது அடுப்படியில் ஒரு சத்தம் கேட்டது.

டப்.

டின் மூடியைத் திறக்கிற சத்தம். பிரிசில்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 3.20. போய்ப் பார்த்தாள். அலமாரியில் அம்மாவின் சர்க்கரை டின் திறந்திருந்தது. மூடி பக்கத்தில் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எலியாக இருக்கும் என்று மூடிவைத்தாள். எலி டின்னைத் திறக்குமா என்று யோசிக்கவில்லை.

ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டினாள். படுக்க அங்கே இடம் ஏது? சகுந்தலா வீட்டில் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை 7.10. பூட்டு அப்படியே இருந்தது. திறந்தாள்.

கவிழ்த்து வைத்த இருபத்திரண்டு பாத்திரங்களும் நிமிர்ந்திருந்தன.

ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை.

இன்னொன்றும் சரியாக இல்லை. கடலோர ஊர் அது. சர்க்கரை சிந்தினால் ஐந்து நிமிடத்தில் எறும்பு வரிசை கட்டும். இருபத்திரண்டு பாத்திரத்தில் ஒரு எறும்பு இல்லை.

ஓடிப்போய்ச் சகுந்தலாவைக் கேட்டாள்.

"இன்னா பிரிசி, எங்கூட்லயே சக்கர இல்ல. ராத்திரி நீ குடிச்சது கருப்பட்டிக் காப்பி."

கிருபாகரனுக்குப் போன் போட்டாள். "நேத்து நைட் ஷிப்ட்டுக்கா. இன்னும் டெப்போவுலதான் கீறேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

சர்க்கரையை ஒரு காகிதத்தில் கொட்டினாள். மறுபடி கழுவினாள். மறுபடி கவிழ்த்தாள். பயந்தாலும் வேலையை விடவில்லை. சூட்கேஸ்கள் வெளியே போயின. மிக்ஸிகள் போயின. ஒரு மூலை தெரிந்தது. அடுத்த மூலையும் தெரிந்தது.

மணி 3.20.

டப்.

பிரிசில்லா அசையாமல் நின்றாள்.

பிறகு ஸ்பூன் தகரத்தில் உரசுகிற சத்தம். கர்ர்ர்... கொஞ்சம் இடைவெளி. கர்ர்ர்... மறுபடி இடைவெளி. அடிச் சர்க்கரையைச் சுரண்டி எடுக்கிற சத்தம்.

எண்ணினாள். பத்து... பதினைந்து... இருபத்தொன்று... இருபத்திரண்டு.

நின்றுவிட்டது.

கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பாத்திரங்கள் நிமிர்ந்திருந்தன. எல்லாவற்றிலும் சர்க்கரை.

"அம்மா...?"



இந்த இடத்தில் நானாக இருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருப்பேன். பிரிசில்லா ஓடவில்லை. அவளுக்குப் பயத்தைவிடப் பெரியதாக ஒன்று வந்துவிட்டது. வரிசையை மறுபடி பார்த்தாள். கோமளம் இருக்கிறாள். லக்ஷ்மிநாராயணன் இருக்கிறார். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

பெற்ற மகளின் தூக்குவாளியை மட்டும் காணோம்.

எல்லாருக்கும் சர்க்கரை போட்டுத் திருப்பித் தருகிறாள். எனக்குத் தர மனமில்லை. அப்படியென்றால் கோபம்தான். செத்தும் ஆறாத கோபம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டை ஒழிக்கவில்லை, தூக்குவாளியைத் தேடினாள். மூட்டை மூட்டையாகப் பிரித்தாள். கட்டிலைப் புரட்டினாள். தலையணையைக் கிழித்துப் பார்த்தாள். பரண், அலமாரி, குளியலறை, கூரைச் சந்து. தேடத் தேட வீடு காலியானது. மூன்று நாளாக மலைபோல் தெரிந்தது, மூன்று மணிக்கு வெறும் தரையாகிவிட்டது.

தூக்குவாளி இல்லை.

நடுக்கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

3.20.

சத்தம் இல்லை.

3.21... 3.24...

இல்லை.

வாய்விட்டு அழுதாள். "தப்புதாம்மா. நான் பேசனது தப்புதான். தூக்கு வேணாம்மா எனக்கு. நீயே வச்சிக்கோ. கோவமா மட்டும் போகாதம்மா..."

அழுகைச் சத்தம் காலி வீட்டில் எதிரொலித்தது.

அடங்கியது.

பின்னால்... வாசப்படியில்...

ணங்.

திரும்பினாள்.

தூக்குவாளி.

தெருவில் ஆள் இல்லை. வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மணி 3.31.

மூடி போட்டிருந்தது. 'எ. பிரிசில்லா 19.5.2002.' தொட்டாள். ஐஸ்போலச் சில்லென்று இருந்தது. தூக்கினாள். கனத்தது. அடிவிளிம்பில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

மூடியைத் திறந்தாள்.

விளிம்புவரை சர்க்கரை. மற்றவர்களுக்குப் போட்டதுபோல் ஒரு ஸ்பூன் அல்ல. தலைதட்டி நிறைத்திருந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்குக் கிருபாகரன் சாமான் ஏற்றக் குட்டியானை வண்டியோடு வரும்வரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. தூக்குவாளியைப் பைக்குள் வைத்துவிட்டாள். இருபத்திரண்டு பாத்திரங்களை மட்டும் காட்டினாள்.

"அவங்கவங்க வூட்ல குடுத்துடு. சக்கரயக் கொட்டாத. அப்டியே குடு."

வீட்டுக்கு வந்து தூக்குவாளியின் அடியைக் கழுவினாள். சிங்க்கில் மணல் இறங்கியது. வெள்ளை மணல், அதில் ஒரு சவுக்கு ஊசி இலை. வீட்டில் எங்கோ புதைந்து கிடந்திருக்கும், அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டாள். பயம் போய்விட்டிருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் 6.40-க்குக் கிருபாகரன் போன் செய்தான். வீடு விசாரித்துப் பாத்திரமெல்லாம் கொடுத்தாயிற்று என்றான். கோமளம் அம்மா பாத்திரத்தை வாங்கி உள்ளே பார்த்ததும் அழுதுவிட்டார்களாம்.

பேச்சோடு பேச்சாகப் பிரிசில்லா சொன்னாள். "என் தூக்கு கூட கெடச்சிடுச்சுடா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கிருபா?"

"எந்தத் தூக்கு...?"

"பேரு வெட்டனதுடா. நான் கேட்டுகினே இருந்தேனே."

"க்கா... வெளாடாத."

"இன்னாடா?"

அவன் அழ ஆரம்பித்தான். விட்டுவிட்டுச் சொன்னான். "அன்னிக்கி மத்தியானம்... மூணு இருவது இருக்கும். சகுந்தலாக்கா தான் பாத்துட்டுக் கூப்ட்டாங்க. அம்மா அடுப்படில உக்காந்தமேனிக்குப் போயிருந்திச்சி. சக்கர டின்னு தொறந்து கெடந்திச்சி. காலி டின்னு. காலைலயே எங்கிட்ட சொல்லிச்சிக்கா, 'பிரிசி தூக்க இன்னிக்கி எட்துனு போ, சக்கர வாங்கியா, வெறுசா அனுப்பக் கூடாது'ன்னு. நான் மறந்துட்டேன்..."

"தூக்கு எங்கடா இருந்திச்சி?"

"அம்மா கையிலக்கா. வெரலு பிரியவே இல்ல. எவ்ளோ பாத்தோம். அப்டியே இருக்கட்டும்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. நீ பாத்தா தாங்க மாட்டன்னுதான் கழுத்து வரைக்கும் துணி போட்டேன்."

பிரிசில்லா அடுப்படியில் இருந்த தூக்குவாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூடியத் தொறந்து நானே பாத்தேன்க்கா. வெறுந்தூக்கு. பொட்டியோட வச்சி, என் கையால மண்ணு தள்ளனேன்."

அவர்கள் கல்லறைத் தோட்டம் கடற்கரையில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது. அங்கே எல்லாம் வெள்ளை மணல். மறுநாளே அக்காவும் தம்பியும் போய்ப் பார்த்தார்கள். கல்லறை வைத்தது வைத்தபடி இருந்தது. மேலே பூசிய சிமெண்டில் ஒரு கீறல் இல்லை.

தூக்குவாளி இப்போது பிரிசில்லாவின் அடுப்படியில்தான் இருக்கிறது. எனக்குத் திறந்து காட்டினாள். அவள் அதிலிருந்து ஒரு ஸ்பூன்கூட எடுக்கவில்லை. அம்மா கோபமாகப் போகவில்லை என்று சொல்லும்போது அவள் முகம் தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் சீக்கிரம் மூடச் சொல்லிவிட்டேன்.

ஒரு வருடம் ஆகிறது. இன்றுவரை அதில் ஒரு எறும்பு ஏறவில்லை.