திருச்சுழி கண்மாய்க் கரையில் மூன்று கூரைகள்

வறண்ட பூமியில் பயணிகளுக்குச் சின்னதாகக் குடில் கட்டலாமா, மண்சுவர் போதுமா, கூரைக்கு என்ன போடலாம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் சிலர் கேட்டபடி இருக்கிறீர்கள். இடம் பார்க்கத் திருச்சுழிப் பக்கம் கிளம்பப் போவதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். அதே வேலையாக நான் அங்கே போய்வந்ததைச் சொல்கிறேன். உற்சாகம் தரும் கதை இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில், அடுத்தடுத்து இரண்டு ஐப்பசியும் மழை இல்லாமல் கழிந்த பிறகு வந்த மாசி மாதம் அது.

அப்போது நான் மதுரையில் கட்டட வரைபடம் போடுகிறவன். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் வற்றல் வியாபாரம் செய்த பொன்னுச்சாமி அண்ணாச்சிக்கு ஓர் ஆசை. திருச்சுழி கோயிலுக்கு வருகிறவர்களும், கண்மாய் பெருகும் வருடங்களில் பறவை பார்க்க வருகிறவர்களும் தங்குவதற்குக் கரையோரமாகச் சில குடில்கள் வேண்டும். "சிமிண்டு வேணாம் தம்பி. அந்த மண்ணுல மொளச்ச மாதிரி இருக்கணும்" என்றார்.

மூன்று கட்டினேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி. அந்த இடத்து மண்ணே சுவர், பனஞ்சட்டம், மேலே வரகு வைக்கோல். சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்று வர ஒரு முழம் இடைவெளி. சும்மா போட்ட வைக்கோலைக் கரையானும் மழையும் சீக்கிரம் முடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு வைக்கோல் கட்டையும் பூச்சி மருந்தான மயில்துத்தம் கரைத்த தொட்டியில் முக்கி ஊறவைத்துக் காயப்போட்டுத்தான் மேலே ஏற்றினோம். அந்த நீலத் தண்ணீரைக் கலக்கியது சவரிமுத்து. குடில்களைப் பார்த்துக்கொள்ள அண்ணாச்சி வைத்திருந்த ஆள். கூரை பத்து வருடம் தாங்கும் என்று நான் சொன்னதில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

இரண்டு வருடம் கழித்து, கூரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார் அண்ணாச்சி. நன்றாக இருந்தால் இன்னும் மூன்று கட்டுவதாகத் திட்டம். நான் வருவதாகச் சவரிமுத்துவுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், எட்டு மணிக்கு அருப்புக்கோட்டை. அங்கிருந்து திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் அறுபது காசு. ஜன்னல் ஓரம் கிடைத்ததே என்று உட்கார்ந்தேன். திருச்சுழி வருவதற்குள் தலை நரைத்த மாதிரி புழுதி.

வழியில் ஊருக்கு ஊர் வீடுகள் மொட்டையாக நின்றன. சுவர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, மேலே ஒன்றுமில்லை. தீப்பிடித்துவிட்டதா என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"தீயா? மாடு தின்னுருச்சு சார்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "தீவனம் எங்க இருக்கு? கூரையப் பிரிச்சுத்தான் போடுறாக. எங்க வீட்லயும் போட்டாச்சு. அதும் தீந்துருச்சு."

திருச்சுழியில் இறங்கி நரிக்குடி சாலையில் நாலு கிலோமீட்டர் நடந்தேன். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடுகள் எப்படியோ கருவேலங்காயைப் பொறுக்கித் தின்று சமாளித்தன. மாட்டுக்கு அது போதாது. தூரத்தில் என் மூன்று குடில்களும் தெரிந்தன. கண்ணுக்கெட்டிய வரை முழுக் கூரை உள்ள ஓலை, வைக்கோல் வீடுகள் அவை மட்டுமே. பார்த்தவுடன் பெருமையாக இருந்தது எனக்கு. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

தங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டதால் சவரிமுத்துவும் அவர் மனைவி லூர்தும் ஒரு குடிலில் இருந்தார்கள். அவர்களுடைய உழவு மாடுகள் இரண்டையும் குடிலிலிருந்து வெகுதூரம் தள்ளி, வெயிலில், குட்டைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். விலாவெலும்பை எண்ணிவிடலாம். நிழலில் கட்டக்கூடாதா என்று கேட்டேன்.

"கிட்டக்கக் கட்டுனா கூரைக்கு எக்குது சார்" என்றாள் லூர்து. "வாயிலயே அடிச்சு அடிச்சு என் கையி ஓஞ்சு போச்சு."

மாடுகள் இரண்டும் குடில் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன.

எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அரைச் செம்புதான் இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள். "மருந்து மேலாலதான இருக்கும்? உள்ள இருக்க வைக்கல உருவிப் போடலாம்ல?"

"கட்டு கட்டா முக்கித்தானம்மா எடுத்தோம். உள்ளேயும் ஏறியிருக்கும்."

"கழுவிப் போட்டா?"

எத்தனை தண்ணீரில் கழுவினால் அந்த விஷம் போகும் என்று எனக்குத் தெரியாது. கழுவத் தண்ணீரும் இல்லை. சவரிமுத்து தலையைத் தூக்கவே இல்லை. "நாந்தான் முக்குனேன். நாஞ் சொன்னா கேக்க மாட்டேங்குறா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அடிமாட்டுத் தரகரு ரெண்டு தடவ வந்துட்டாரு" என்றாள் லூர்து. "கூரை போட்ட சாரு வாராக, அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருதேன்னு சொல்லித் திருப்பி விட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் வாராரு. நீங்க சொல்லுங்க சார். போடலாமா, கூடாதா?"

மூன்று குடிலிலும் சேர்த்து அந்த இரண்டு மாடுகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும் வைக்கோல் இருந்தது. அதற்குள் ஒரு மழை பெய்தாலும் பெய்திருக்கும். தஞ்சாவூரிலிருந்து வருவதாகச் சொன்ன வைக்கோல் லோடு வந்தாலும் வந்திருக்கும். "கூடாதும்மா, தின்னா செத்துப்போகும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்துபோய் இரண்டு மாடுகளின் முகத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

நாலு மணிக்குத் தரகர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் மட்டும் அவர் இப்படி எத்தனை வாசலில் நின்றாரோ, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். சவரிமுத்து குடிலுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தது லூர்துதான்.

"போற வழியில தீவனம் ஏதும் போடுவீகளா?"

"போடாம? செங்கோட்ட தாண்டிக் கேரளா வரைக்கும் நடக்கணும்ல தாயி. மேற்க போகப் போகப் பச்சப்புல்லே கெடக்கும்."

"அப்பச் சரி" என்றாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் நான் எதையெதையோ மறந்துவிட்டேன், அந்தத் தெளிந்த முகம் போகவில்லை.

திருச்சுழிக்குப் போக இருந்தது ஒரே சாலை. நாலு கிலோமீட்டரும் அந்த மாடுகளுக்குப் பின்னாலேயே நடந்து வந்து பஸ் ஏறினேன். பாளையம்பட்டியில் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி கூரையைப் பற்றித்தான். ஒரு தும்பு உதிரவில்லை என்றேன். "அப்ப இன்னும் மூணு போட்டுருவமா?" என்றார். என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வருடம் முழுக்க அங்கே தங்க ஒரு பயணியும் வரவில்லை. பங்குனியில் சவரிமுத்துவும் லூர்தும் செங்கல் சூளை வேலைக்கு மேற்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு: மாசிக்கு மேல் போங்கள், மழைக்காலத்தில் பார்த்தால் அந்த ஊர் உங்களை ஏமாற்றிவிடும். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும், அங்கே கேட்டு வாங்காதீர்கள். மண்சுவர் தாராளமாகப் போதும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி கட்டாயம் விடுங்கள். கூரை வைக்கோலாகவே இருக்கட்டும், மருந்து மட்டும் போடாதீர்கள். இரண்டு வருடத்தில் மக்கட்டும், மாற்றிக்கொள்ளலாம். பஞ்சம் வந்தால் உங்கள் குடிலும் மொட்டையாகும். ஆகட்டும், பக்கத்தில் ஒரு வீட்டுக் கொட்டிலில் மாடு நிற்கும்.