ஒருத்திக்கு மட்டும் இடம்

எனக்குத் திருவனந்தபுரத்துக் காலேஜில் கெமிஸ்ட்ரி ஹானர்ஸ் இடம் கிடைத்த மாதமும், அம்மாவுக்கு ரிட்டயர் வயதாகி எஸ்டேட்டில் வேலை முடிந்த மாதமும் ஒன்றுதான். பொன்முடி மலை ஏறுகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்தாள். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டார். நாங்கள் இருந்த லைன் வீடு கம்பெனிக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவர் பேராவது வேலைப் பதிவில் இருக்கும்வரை வீட்டில் இருக்கலாம். பேர் போனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவின் பேர் போகிறது. அடுத்துக் கொடுப்பதற்கு என் பேரை விட்டால் வேறு பேர் இல்லை.

சூப்பர்வைசர் மலையாளி. கெட்ட மனுஷன் இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "சேச்சி, மோளுடெ பேரு கொடுத்தா வீடு அங்ஙனே நிக்கும். இல்லேங்கில் ரெண்டு மாசத்துல வீடு ஒழிஞ்சு சாவி தரணும். நான் என்ன செய்ய?"

"அவ பேரு காலேஜுல எழுதியாச்சு சாரே" என்றாள் அம்மா. பெருமையாகத்தான் சொன்னாள். நான் அந்த ரெண்டு மாசத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூடப் படிக்க வந்த பிள்ளைகள் எங்கே தங்குவது என்று வாட்ஸப் குரூப்பில் விடிய விடியப் பேசினார்கள். எந்த ஹாஸ்டலில் சாப்பாடு சகிக்கும், எந்த பேயிங் கெஸ்டில் வைஃபை வேகம், எந்த வார்டன் சிடுமூஞ்சி. படிக்கப் படிக்க எரிச்சலாக வந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நானும் அம்மாவும் சேர்ந்து இருக்க ஓர் இடம். அந்தக் கேள்வியை அந்தக் குரூப்பில் போட எனக்குக் கை வரவில்லை.

இரண்டு பேரும் திருவனந்தபுரத்தில் தெருத் தெருவாக அலைந்தோம். பேயிங் கெஸ்ட் வீடுகளில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்ததும், "இது ஸ்டூடண்ட்ஸினு மாத்ரம்" என்றார்கள். ஒரு வாடகை வீட்டுக்காரர், வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு அவசரமாக எங்கோ போக வேண்டி வந்துவிட்டது.

திரும்பி வரும்போது மலையடியில் கல்லாறு ஊரில் இறங்கி ஓர் அறை பார்த்தோம். ஆற்றுப் பக்கம் ஒரு டீக்கடைக்குப் பின்னால் இருந்தது. ஈரவாடை அடித்தது, ஆனாலும் அறைதான். கடைக்காரருக்குப் பாத்திரம் கழுவ ஆள் வேண்டியிருந்தது. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "இது மதி பாப்பா, போதும். நான் இங்க கழுவிட்டுக் கெடக்கேன், நீ போயிட்டு வா" என்றாள்.

காலையில் எந்த பஸ்ஸைப் பிடித்தாலும் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியாது. சாயங்காலம் லேப் முடிந்து கிளம்பினால், கல்லாறு போக பஸ் இல்லாமல் பாதி வழியில் விதுராவில் மாட்டிக்கொள்வேன். நான்தான் வேண்டாம் என்றேன். அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அந்த அறை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

கடைசியில் ஹாஸ்டலில் எனக்கு ஒரு கட்டில் கிடைத்தது. அம்மாவுக்கு நகரத்திலேயே, கரமனையில் ஒரு வேலை வந்தது. எங்கள் லைனிலிருந்து முன்பே இறங்கிப் போன ஒரு அக்கா சொல்லிவிட்ட இடம். அக்ரஹாரத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு மாமி, பிள்ளை வெளிநாட்டில். ராத்திரி துணைக்கு இருக்கவும் வெளிவேலை பார்க்கவும் தமிழ் பேசுகிற ஆள் வேண்டும். நானும் போய்ப் பார்த்தேன். மகளும் கூடத் தங்கலாமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒருத்திக்குத்தான் எடம் இருக்கு. பகல்ல வந்து பாத்துட்டுப் போகட்டும், ஆட்சேபணை இல்லை" என்றார் மாமி. பேச்சில் ஒரு கடுமையும் இல்லை.

ஆக, மலையில் ஒரே அறையில் இருந்த நாங்கள் ஒரே ஊருக்கு வந்து இரண்டு இடத்தில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் கரமனைக்குப் போவேன். அம்மா வெளியே வந்துவிடுவாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். உள்ளே கூப்பிட மாட்டாள். மாமி தூங்குகிறார், மாமியைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று ஏதாவது சொல்வாள். நானும் தோண்டவில்லை. சாப்பிட்டாயா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன். பஸ் வந்துவிடும்.

லேபில் எனக்குக் கை நடுங்காது. டைட்ரேஷனில் நிறம் மாறுகிற அந்தச் சொட்டில் சரியாக நிறுத்துவேன். டீச்சர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஹாஸ்டலுக்கு வந்து படுத்ததும் அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஞாயிறுவரை காத்திருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரும். போனில் சொன்னால் அம்மா, "நல்லது பாப்பா, வேலை கெடக்கு" என்று வைத்துவிடுவாள்.

ஓணத்துக்கு ஹாஸ்டலை மூடினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போகணும் என்று வார்டன் மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் பையை எடுத்துக்கொண்டு கரமனைக்குப் போனேன். இந்தத் தடவை அம்மா மாமியிடம் கேட்டே ஆக வேண்டியிருந்தது. மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நன்னாப் படிக்கற கொழந்தை. ஹாஸ்டல் தெறக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அம்மா என்னை முன்கட்டு வழியாக அழைத்துப் போகவில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து கொல்லைப்புறம் போனோம். அங்கே ஷீட் போட்ட சின்ன அறை. சுவரோரம் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அம்மா மளமளவென்று சொன்னாள்: "தண்ணி வேணும்னா கூப்பிடு, மாமி ஊத்துவாங்க. குழாயத் தொட வேண்டாம். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் போகாத. டம்ளரக் கழுவி இங்கயே கவுத்திடணும், கேட்டியா?" புது ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற குரல். மலையில் கங்காணியையே எதிர்த்துப் பேசியவள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இங்கயா இத்தனை நாளா இருக்க?" என்றேன்.

"சத்தம் போடாத" என்றாள்.

ஓணத்தன்று மாமி பாயசம் கொண்டுவந்தார். நான் நீட்டிய அந்த டம்ளரில் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். ஊற்றும்போது என் படிப்பைப் பற்றி அன்பாக விசாரித்தார். மெட்ராஸ் பக்கம் மேலே படிக்கலாமே என்றார். நான் பதில் சொன்னேன். அம்மா சற்றுத் தள்ளி, கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பாயசம் நன்றாக இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

ராத்திரி ஒரே பாயில் படுத்தோம். லைன் வீட்டை விட்டபிறகு அப்படிப் படுத்தது அப்போதுதான். கல்லாறு அறையை எடுத்திருக்கலாமோ என்று கேட்டேன். அவள் போர்வையை என் மேல் இழுத்துவிட்டாள்.

ஹாஸ்டல் திறந்த அன்று பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். பையை என் தோளில் மாட்டிவிட்டாள். கிறிஸ்துமஸ் லீவுக்கும் மாமியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"கூடப் படிக்கிற கூட்டுக்காரி யார் வீட்டுக்காவது போயிரு பாப்பா. இங்க வர வேண்டாம்."

"மாமி திட்டினாங்களா?"

"மாமி ஒண்ணும் சொல்லல. நான் தனியா இருக்கப்ப அந்த டம்ளர்ல குடிக்கிறது எனக்கு ஒண்ணுமே தோணாது. நீ பாத்துட்டு நிக்கிறப்ப முடியல."