அரளிக் குச்சி ஊறிய சொம்பு

மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார், சாமிக்குப் பூவாகுமே என்று நாலு செவ்வரளிக் குச்சிகள் கொடுத்தார். தண்ணீரில் போட்டால் வேர் விடும் என்றார். எந்தப் பாத்திரத்தில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. குடிக்கிற எவர்சில்வர் சொம்பில் போட்டு, கடலூரில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் வைத்தேன். மூன்று வாரத்தில் வேர் வந்தது. குச்சிகளைத் தொட்டியில் நட்டுவிட்டு, சொம்பைத் தண்ணீரோடு அடுப்பு மேடையில் விட்டுவிட்டேன். என் மடத்தனம்.

சிதம்பரத்தில் வேலை முடிந்து வந்த கணவர் அதை எடுத்துக் குடித்தார்.

“என்னாடி, தண்ணி இப்புடி கசக்குது?”

“எந்தச் சொம்புங்க?”

“மேடையில இருந்ததுதான். ஒரு வாய்தான் குடிச்சேன்.”

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

“அரளி விஷம்னு தெரியாதாம்மா?” என்றார் நர்ஸ்.

தெரியும். விதைதான் விஷம் என்று நினைத்திருந்தேன். மறுநாள் வரை இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

இப்போது எந்தக் குச்சியையும் வெளியே நேராக மண்ணில்தான் நடுகிறேன். அடுப்படிக்குள் கொண்டுவருவதில்லை. அரளி நன்றாகத் துளிர்த்திருக்கிறது. நான் கொடுக்கும் தண்ணீரை அவர் இன்னும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.